சாமி வேண்டாம் என்று சொல்லவில்லை

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இரண்டு உபத்திரவங்கள் வரும். ஒன்று வேர்க்குரு, மற்றொன்று வடநாட்டு யாத்திரை. வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீரைத் தடவினால் சரியாய்ப் போய்விடும். இரண்டாவதற்கு இதுவரை யாரும் மருந்து சொன்னதாகத் தெரியவில்லை. நான் சொல்லிப் பார்க்கிறேன். கசப்பாக இருந்தால் வாசகர்கள் பொறுத்துக் கொள்ள வேண்டும்.

வடக்கே போகவே கூடாது என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. அப்படிச் சொல்லச் சேலம், நாமக்கல் சீமைக்காரனுக்கு உரிமையே கிடையாது. எங்கள் ஊர்களின் நடுவே ஓடுகிற பெரிய சாலை, 2010-இல் எண்களை மாற்றி அமைக்கும் வரையில், 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாக இருந்தது. அதன் ஒரு முனை காசி, மறு முனை கன்னியாகுமரி. இப்போது அதே சாலை 44-ஆம் எண். ஒரு முனை ஸ்ரீநகர், மறு முனை அதே குமரி. ஆக, காசியும் காஷ்மீரமும் எங்களுக்கு வீட்டு வாசலில் ஆரம்பிக்கிற ஊர்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரிகள் போகாத மாகாணம் இந்தியாவில் இல்லை. சேலத்து ஜவ்வரிசி இல்லாவிட்டால் வடநாட்டில் நவராத்திரி விரதக்காரர்கள் பாதிப் பேர் பட்டினி கிடக்க வேண்டியதுதான். கேரளா எக்ஸ்பிரஸ் தினந்தோறும் சேலம் ஜங்ஷனில் நின்று தில்லிக்குப் போகிறது. ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை நின்று ஜம்முவுக்கு அப்பால் கட்ரா வரையில் போகிறது. போகிறதற்கு வழிக்கு ஒன்றும் பஞ்சமில்லை.

போகிறது எப்படி, எப்போது, எத்தனை நாளில் என்பதில்தான் எனக்கு வழக்கு.

யாத்திரை ஏற்பாடு செய்கிறவர்கள் அச்சடிக்கும் துண்டுப் பிரசுரம் ஒன்று என் மேஜையில் கிடக்கிறது. யார் அச்சடித்தது என்று சொல்லப் போவதில்லை. ஒருவரைச் சொன்னால் மற்றவர்கள் யோக்கியர்கள் என்று ஆகிவிடும். அதில் உள்ள கணக்கு இது: 11 நாட்கள், 14 ஊர்கள். தில்லி, ஆக்ரா, மதுரா, ஹரித்துவாரம், ரிஷிகேசம், கேதாரம், பத்ரி. திரும்புகிற வழியில் காசி, கயை, பிரயாகை. இடையில் பெயர் போடாமல் 'மற்றும் பல ஸ்தலங்கள்'. மூன்று வேளையும் நம்மூர்ச் சாப்பாடு, சமையற்காரர் கூடவே வருவார். புறப்படும் தேதி மே மாதம் 10. இதில் ஒரு நாளாவது சும்மா உட்காருகிற நாளாக இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

சேலத்து வெயிலுக்குப் பயந்து புறப்படுகிற மனிதன் மே மாதத்தில் தில்லிக்கும் ஆக்ராவுக்கும் போகிறான்! நிழலுக்கு ஒதுங்குகிறேன் என்று அடுப்படிக்குள் நுழைந்த கதைதான். அங்கே மே மாதத்தில் 44, 45 டிகிரி என்பது அதிசயமே இல்லை. இதில் வெந்த உடம்பை இரண்டே நாளில் வண்டியில் ஏற்றி, பனி உருகுகிற மலையின் உச்சியில் கொண்டுபோய் இறக்குகிறார்கள். காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கினால் கெட்டிப்படும். மனிதனை அப்படிச் செய்தால் என்ன ஆவான் என்று யாரும் யோசிப்பதில்லை.

இதை எல்லாம் நான் புத்தகத்தில் படித்துவிட்டு எழுதவில்லை. என் அக்காவிடம் படித்தேன்.

அக்காவுக்கு இப்போது எழுபத்திரண்டு வயசு. சின்ன வயசிலிருந்தே கேதாரநாதரைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. எருமைப் பால் விற்ற காசில் அதற்கென்று ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் அவள் மகன், நல்ல பிள்ளைதான், ஒரு கோஷ்டியில் அவளுக்கும் எனக்கும் சேர்த்துப் பணம் கட்டினான். "மாமா, நீங்க கூடப் போனாத்தான் அம்மாவுக்குத் தைரியமா இருக்கும்" என்றான். போனேன்.

ஹரித்துவாரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 அடி. நம் சேலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அங்கிருந்து ஒரு பகல் முழுவதும் வண்டியில் குலுங்கிக் கௌரிகுண்டத்தை அடைந்தோம். அது 6,500 அடி. நள்ளிரவில் படுக்கை, விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிவிட்டார்கள். அங்கிருந்து கேதாரம் 16 கிலோ மீட்டர் மலைப் பாதை. கோயில் இருக்கிற உயரம் 11,750 அடி. நம்மவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமானால், ஏற்காட்டின் மேல் இன்னொரு ஏற்காட்டை வைத்து, அதன் மேல் மூன்றாவதில் பாதிக்கும் குறைவாக வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கீழே இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் மூன்றில் ஒரு பங்கு பிராணவாயு நமக்குக் கிடைக்காது.

அக்காவைக் கோவேறு கழுதை மேல் ஏற்றினோம். பாதி வழியில் தலைவலி என்றாள். இன்னும் கொஞ்சம் போனதும் வாந்தி. கோயில் மூன்று நாலு கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கையில் உதடு நீலம் பாரித்து, பேச்சுக் குழறிற்று. வழியில் இருந்த வைத்திய முகாமில் ஒரு இளம் டாக்டர் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "உடனே கீழே இறக்குங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்" என்றார். கோஷ்டியை நடத்தி வந்தவரோ, "ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்; நாளை சாயந்திரம் பத்ரியில் இருக்க வேண்டும், அறை எல்லாம் சொல்லியாகிவிட்டது" என்றார். நான் அவரோடு என் ஜன்மத்தில் போடாத சண்டையைப் போட்டுவிட்டு, அக்காவைக் கீழே கொண்டு வந்தேன். இரண்டாயிரம் அடி இறங்கியதுமே அவளுக்கு நிறம் திரும்பிவிட்டது. பிழைத்தாள்.

ஆனால் ஊருக்கு வந்த பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பார்க்க வந்த சனமெல்லாம், "தரிசனம் நல்லா ஆச்சுங்களா?" என்று கேட்டது. அக்கா ஒவ்வொருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள்: "இல்லீங்க. என்னைப் பார்க்க வேண்டாம்னு சாமியே சொல்லீட்டாருங்க."

நாற்பது வருஷம் காசு சேர்த்த கிழவி, தான் ஏதோ பாவம் செய்துவிட்டதாக எண்ணி அந்தப் பதிலைச் சொல்கிறாள். கேட்டவர்களும் 'அப்படியாக்கும்' என்று தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். சாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தத் துண்டுப் பிரசுரம் சொல்லிற்று. நாமும் அதற்குப் பணம் கட்டினோம்.

மலை ஏறுவதற்கு வைத்தியர்கள் வைத்திருக்கும் சட்டம் பெரிய ரகசியம் அல்ல. ஏறத்தாழ 8,000 அடிக்கு மேல் போனால் யாருக்கும் இந்த மலைநோய் வரலாம், பலசாலிக்கும் வரும். 10,000 அடிக்கு மேல் ஒவ்வோர் இரவும் படுக்கிற இடம் முந்தின இரவைவிட 1,600 அடிக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் இருக்க வேண்டும். தலைவலியோடு வாந்தியும் மயக்கமும் கண்டால் ஏறுவதை நிறுத்த வேண்டும்; மூச்சுத் திணறினாலோ, பேச்சுக் குழறினாலோ இறக்கிவிட வேண்டும். இவ்வளவுதான். இந்தச் சட்டப்படி பார்த்தால் 11 நாளில் 14 ஊர் என்பது பிரயாணத் திட்டமே அல்ல. அது ஒரு பந்தயம்.

"காலம் மாறிவிட்டது, ஐயா, இப்போது ஹெலிகாப்டர் இருக்கிறது" என்பார்கள். இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். கால் வலிக்குத்தான் அது மருந்து; குறைந்த காற்றுக்கு அல்ல. மெதுவாக ஏறுகிற உடம்பு கொஞ்சமாவது பழகிக் கொள்ளும். பறந்து போகிற உடம்புக்கு அதுவும் கிடையாது. அதிலும் மேகம் சூழ்ந்தால் கண் தெரியாது. 2025 ஜூன் 15-ஆம் தேதி கேதாரத்திலிருந்து திரும்பிய ஹெலிகாப்டர் ஒன்று கௌரிகுண்டத்தின் அருகே விழுந்து, அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

இன்னொரு கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். "பள்ளிக்கூட விடுமுறை அப்போதுதானே வருகிறது? பேரன் பேத்திகளையும் அழைத்துப் போக வேண்டாமா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மலைக்கு நம்முடைய பள்ளிக்கூட அட்டவணை தெரியாது. கேதாரத்தின் கதவு அட்சய திருதியையை ஒட்டித் திறக்கிறது; வடநாட்டுத் தீபாவளிக்கு இரண்டாம் நாள் வருகிற பாயி தூஜ் அன்று மூடுகிறது. திறந்திருக்கிற ஆறு மாதத்தில் எல்லோரும் மே, ஜூன் என்று ஓடினால் என்ன ஆகும்? 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் கேதாரத்துக்கு மட்டும் பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். அந்த ஒற்றையடி மலைப் பாதையில் மனிதனும் கழுதையும் டோலியும் முண்டியடிக்கிறதைக் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்: அங்கே பக்திக்கு இடம் மிகக் குறைவு.

ஜூன் என்றால் மழையும் உண்டு. 2013-இல் தென்மேற்குப் பருவமழை வழக்கத்துக்கு ஒரு மாதம் முன்பாகவே நாடு முழுவதையும் பிடித்துக் கொண்டது. ஜூன் 16, 17 ஆகிய இரண்டு நாளில் கேதாரத்துக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி உடைந்து, பாறையும் சேறுமாக இறங்கிற்று. அந்தப் பிரளயத்தில் மாநிலம் முழுவதும் மாண்டவர்கள், காணாமற் போனவர்கள் என்று ஐயாயிரத்துக்கு மேல் கணக்கெடுத்தார்கள். அவர்களில் பலர் நம்மைப் போல யாத்திரை புறப்பட்டவர்கள். அதற்கு அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அதைப் பார்த்த பிறகும் அதே மாதத்தில், அதே அவசரத்தில், இடைநாள் இல்லாமல் திட்டம் போடுகிற நம்மைத்தான் குற்றம் சொல்கிறேன்.

பழைய காலத்தில் காசிக்குப் போகிறவன் எப்படிப் போனான்? சென்னை நீதிமன்றத்தில் துபாஷியாக இருந்த ஏனுகுல வீராசாமி என்பவர் 1830 மே 18-ஆம் தேதி புறப்பட்டார். 1831 செப்டம்பர் 3-ஆம் தேதி திரும்பி வந்தார். பதினைந்து மாதம்! பெரிய பரிவாரத்தோடு போனவர், வழியில் எந்த ஊரில் தண்ணீர் நன்றாயிருக்கும், எங்கே சாமான் கிடைக்கும் என்பதை எல்லாம் பின்னால் வருகிறவர்களுக்கு உபயோகமாகும் என்று தெலுங்கில் எழுதி வைத்தார். அவரைப் போலப் பதினைந்து மாதம் போங்கள் என்று நான் சொல்லவில்லை. பதினைந்து மாதத்தைப் பதினோரு நாளாகச் சுருக்கினவர்கள், அவர் எழுதி வைத்தாரே, அந்தக் கவலையையும் சேர்த்துச் சுருக்கிவிட்டார்கள் என்றுதான் சொல்கிறேன்.

இந்தக் காலத்தில் அந்தக் கவலை யாரிடம் இருக்கிறது என்று பார்த்தேன். ராசிபுரத்துக்கு அருகே ஆண்டகளூர்கேட்டில் ஒரு டீக்கடை. அங்கே லாரி டிரைவர் ஒருவர் பழக்கமானார். ஜவ்வரிசி ஏற்றிக் கொண்டு வடக்கே போவார். காஷ்மீரத்து ஆப்பிள் ஏற்றிக் கொண்டு திரும்புவார். எங்கள் திட்டத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"ஏனுங்க ஐயா, மலை என்ன மாமியார் ஊடுங்களா, சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர? அது உட்டாப் போகோணும், உடலைன்னா நிக்கோணும். நாங்க எப்பவும் நாலு நாள் சேர்த்துத்தானுங்க அரிசி பருப்பு ஏத்துவோம். போன சீசன்ல நாலு நாளும் பத்தலீங்க."

அவர் சொன்னது 2025-ஆம் ஆண்டுக் கதை. ஆகஸ்டு கடைசியில் பெய்த மழையில் மலை சரிந்து ஜம்மு–ஸ்ரீநகர்ச் சாலை வாரக்கணக்கில் அடைபட்டது. ஆயிரக்கணக்கான லாரிகள் நின்று, ஆப்பிள் அழுகிற்று. அவர் வண்டிக்கு அடியில் ஸ்டவ்வைப் பற்ற வைத்துச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தார். சரக்கு போயிற்று, மனிதர் திரும்பி வந்தார். எழுதப் படிக்கத் தெரிந்த நம்மைவிட, வடக்கை வருஷத்துக்கு ஆறு தடவை பார்க்கிற அந்த மனிதருக்குத் திட்டம் என்றால் என்ன என்பது தெரிந்திருக்கிறது. காலியான நாள் இல்லாத திட்டம் திட்டமல்ல என்பது அவர் அரிசி மூட்டையில் இருக்கிற ஞானம்.

சரி, குறை சொல்லிவிட்டுப் போனால் போதுமா? எப்போதுதான் போவது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உடம்பில் தெம்புள்ளவர்கள் மலைக்குப் போக ஏற்ற காலம் புரட்டாசிக் கடைசியும் ஐப்பசி ஆரம்பமும். மழை விலகி வானம் தெளிந்திருக்கும். கூட்டமும் பாதியாகக் குறைந்திருக்கும். நம் பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறையும் அதை ஒட்டித்தான் வருகிறது. ரயிலுக்கு 60 நாள் முன்பாகத்தான் டிக்கெட் கொடுக்கிறார்கள்; ஆடி மாதமே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். காசி, பிரயாகை, தில்லி, ஆக்ரா போன்ற சமவெளி ஊர்களுக்கு மாசி மாதம் நல்லது. அரைப்பரீட்சை விடுமுறையில் தில்லிக்குப் போகிறவர்கள் மூடுபனியைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள். ரயில்கள் பத்து மணி, பன்னிரண்டு மணி தாமதமாக ஊர்ந்து வரும். காஷ்மீரத்தில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் 'சில்லை கலான்' என்று அந்த ஊர்க்காரர்களே பெயர் வைத்துப் பயப்படுகிற குளிர். பனியைப் பார்க்க ஆசைப்படுகிற இளவட்டங்கள் போகட்டும். ஏற்காட்டுக்கு எடுத்துப் போன சால்வையை நம்பிப் போக வேண்டாம்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். இதை எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் நான் பார்க்கவில்லை.

குளிர்காலம் வந்து கேதாரத்தின் கதவை மூடினதும் கேதாரநாதர் என்ன செய்கிறார்? பனிக்குள் உட்கார்ந்து கொண்டிருப்பதில்லை. உற்சவ மூர்த்தியைப் பல்லக்கில் வைத்து மேளதாளத்தோடு கீழே இறக்கிக் கொண்டு வருகிறார்கள். ஊக்கிமடம் என்ற ஊரில் ஓங்காரேசுவரர் கோயிலில் ஆறு மாதமும் அவருக்குப் பூஜை நடக்கிறது. பத்ரிநாதருக்கும் இப்படியே பாண்டுகேசுவரத்திலும் ஜோஷிமடத்திலும் குளிர்கால ஆராதனை உண்டு. மலை ஜனங்களும் ஆடுமாடுகளை ஓட்டிக் கொண்டு கீழே இறங்கிவிடுகிறார்கள். தெய்வத்துக்கே ஏறுகிற காலம் ஒன்று, இறங்குகிற காலம் ஒன்று என்று அந்த ஊரார் வகுத்து வைத்திருக்கிறார்கள்.

ஊக்கிமடத்தின் உயரம் என்ன தெரியுமா? 4,300 அடி. நம் கொல்லிமலையின் உயரம்! எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி அறப்பளீசுவரரைப் பார்த்துவிட்டு வருகிற எந்தக் கிழவியும் ஊக்கிமடத்துக்குப் போகலாம். வண்டி கோயில் அருகே வரையில் போகும். கழுதை வேண்டாம், ஹெலிகாப்டர் வேண்டாம், உதடு நீலம் பாரிக்க வேண்டாம். குளிர் இருக்கும், கம்பளி இருக்கிறது.

இதை நான் தெரிந்து கொண்டது, அக்காவைப் பாதி வழியில் திருப்பிக் கொண்டு வந்த பிறகு. முன்பே யாராவது சொல்லியிருந்தால் அவள் வாயில் அந்த வாக்கியம் வந்திருக்காது. ஏன் ஒருவரும் சொல்லவில்லை? காரணம் எளிது. ஊக்கிமடத்தில் நாலு நாள் சும்மா உட்கார்ந்து, காலையில் ஒரு பூஜை, மாலையில் ஒரு பூஜை, நடுவில் வெயில் காய்ந்துகொண்டு எதிரே சௌகம்பா சிகரத்துப் பனியைப் பார்க்கிறது என்பதில் பதினான்கு ஊர் சேராது. ஊரின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். 'இவ்வளவு பணத்துக்கு ஒரே ஊரா?' என்று கேட்கிறவர்கள் நாம். கேட்கிறபடிதான் கடைக்காரன் சரக்குப் போடுகிறான். அவனை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்?

"மூலஸ்தானத்தைப் பார்த்த மாதிரி ஆகுமா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் தர்க்கம் செய்தார். மூலவரைப் பார்க்கப் போக முடிகிறவர்கள் பேஷாகப் போகட்டும். ஆனால் திருவிழாவில் உற்சவர் வீதிக்கு வருகிறது யாருக்காக? கோயிலுக்கு நடந்து வர முடியாதவர்களுக்காகத்தானே? நம் ஊர்த் தேர் வாசலில் வந்து நிற்கும்போது, 'மூலவர் உள்ளே இருக்கிறார், இது கணக்கில் சேராது' என்று யாராவது கதவைச் சாத்திக் கொள்கிறோமா?

இந்தக் கார்த்திகையில் அக்காவும் நானும் ஊக்கிமடத்துக்குப் போகிறோம். மருமகன் பணம் கட்ட வந்தான். "கட்டு, ஆனால் நாள் கணக்கை நான்தான் போடுவேன்" என்று சொல்லிவிட்டேன். போக வர ரயில், ஹரித்துவாரத்தில் இரண்டு நாள், ருத்ரபிரயாகையில் ஒரு நாள், ஊக்கிமடத்தில் நாலு நாள். அதற்கு மேல் மூன்று நாளுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். மருமகன் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இந்த மூணு நாளும் எந்த ஊருங்க?" என்று கேட்டான்.

அக்கா திண்ணையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்து கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "அது மலைக்குக் கொடுக்கிறதுடா, கண்ணு."